மூளையின் வெண்பொருளைப் பார்க்க ஐந்து வழிகள்: இயக்கக் கோளாறுகளில் எதை, எப்போது?

ஆய்வுத் திட்டம் எழுதும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பார்க்கின்சன் நோயாளிகளின் வெண்பொருளைப் பார்க்கப் போகிறோம். டிடிஐ போதுமா, நோடி எடுக்க வேண்டுமா?" டிடிஐ, நோடி இரண்டும் மூளையில் நீர் பரவுவதை எம்ஆர்ஐ எந்திரத்தில் அளக்கும் முறைகள், நோடி பிந்தையது. நோயாளிகளின் குடும்பத்தார் வேறு மாதிரி கேட்கிறார்கள்: "சாதாரண எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். இன்னும் பெரிய ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?" இரண்டு கேள்விக்குள்ளும் ஒரே நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. புதிய முறை என்றால் கூர்மை அதிகம், கூர்மை அதிகமென்றால் விடை சரியாக வரும் என்பது அந்த நம்பிக்கை. அது பெரும்பாலும் பொய்க்கும் என்பது என் கட்சி.

முதலில் வெண்பொருள் ஏன் முக்கியம் என்பதைப் பார்த்துவிடலாம். பார்க்கின்சன், கண் அசைவும் உடல் சமநிலையும் முதலில் கெடும் பிஎஸ்பி, தன்னியக்க நரம்புகளோடு சிறுமூளையும் பழுதாகும் எம்எஸ்ஏ, மரபுவழி வரும் ஹண்டிங்டன் ஆகிய எல்லாவற்றையும் நரம்புச் செல்கள் குவிந்த சாம்பல்நிறப் பொருளின் நோய்களாகத்தான் பாடப்புத்தகங்கள் சொல்லித் தந்தன. ஆனால் ஒரு செல் மடிந்தால் அதன் நீண்ட இழையும் மடிகிறது. அந்த இழைகளும் அவற்றைச் சுற்றிய மையலின் உறையும் சேர்ந்ததுதான் வெண்பொருள். எம்எஸ்ஏ நோயில் பாதிப்பு இன்னும் நேரடியானது. 1989-இல் பாப், லான்டோஸ் ஆகியோர் விவரித்த உட்திரள்கள் நியூரான்களில் அல்ல, மையலினைப் போர்த்தும் ஒலிகோடெண்ட்ரோசைட் செல்களில் இருந்தன. அவற்றில் திரண்டிருப்பது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் என்பது பின்னர் தெரியவந்தது. ஹண்டிங்டன் மரபணு உள்ளவர்களிடம் அசைவுக் கோளாறு தொடங்கும் முன்பே வெண்பொருளின் கன அளவு குறையத் தொடங்குகிறது. பார்க்கின்சன் நோயிலோ தொடக்க ஆண்டுகளில் மாற்றம் மிக மெலிது, ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே எந்த முறை என்ற கேள்விக்குப் பாதி விடை, எந்த நோய் என்பதிலேயே கிடைத்துவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், பார்க்கப்போவது ஒரு தனி ஆளையா, ஒரு குழுவையா என்பது. ஐம்பது பேரின் சராசரி வேறு ஐம்பது பேரின் சராசரியிலிருந்து விலகியிருக்கிறது என்று காட்டுவது ஒரு வேலை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நோய் என்று சொல்வது முற்றிலும் வேறு வேலை. முதலாவதற்குப் போதுமான வேறுபாடு இரண்டாவதற்கு ஒரு பயனும் தராமல் போகலாம். இதை மறந்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும்.

இரண்டாவது, கிடைக்கும் எண்ணுக்கு உயிரியல் பொருள் என்ன என்பது. இழைகள் குறைந்தனவா, மையலின் கரைந்ததா, இடைவெளியில் நீர் கூடியதா, இரும்பு படிந்ததா?

மூன்றாவது, நோயாளி எவ்வளவு நேரம் அசையாமல் படுக்க முடியும் என்பது. இயக்கக் கோளாறு உள்ளவரை அசையாதே என்று சொல்லித்தான் இந்தத் துறையில் வேலையே தொடங்குகிறது. டிஃப்யூஷன் படம் நீர் மூலக்கூறுகள் மைக்ரோமீட்டர் கணக்கில் நகர்வதை அளக்கிறது, தலையோ மில்லிமீட்டர் கணக்கில் ஆடுகிறது. நோயாளிக் குழு மற்றக் குழுவைவிட அதிகம் அசைந்திருந்தால், அந்த அசைவே வெண்பொருள் சிதைவு போல வேடமிட்டு வரும். ஹண்டிங்டன் நோயின் துள்ளல் அசைவுகளிலும், பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவால் வரும் தன்னிச்சையான நெளிவுகளிலும் இது கணிதத்தால் முழுக்கத் துடைக்க முடியாத கறை. எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒவ்வொருவரின் தலை அசைவையும் அளந்து, இரு குழுக்களிலும் அது ஒத்திருக்கிறதா என்று காட்டாத முடிவை நான் நம்புவதில்லை.

இவற்றோடு இன்னும் இரண்டு உண்டு. வேறு எந்திரத்தில், வேறு ஆண்டில் எடுத்த படத்தோடு ஒப்பிட முடியுமா? எடுத்த படத்தை எண்ணாக மாற்ற எவ்வளவு உழைப்பும் தேர்ச்சியும் வேண்டும்? மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இங்கேதான். ஸ்கேன் அறையில் கழியும் பத்து நிமிடத்துக்குப் பின்னால் கணினி முன் பல வாரங்கள் காத்திருக்கும்.

## வழி 1: சாதாரண எம்ஆர்ஐ, ஆனால் அளந்து பார்ப்பது

"ஒன்றும் தெரியவில்லை" என்ற அறிக்கைகளில் கணிசமானவற்றில், எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூளைத்தண்டின் பகுதிகளான நடுமூளையும் பான்ஸும், அதைச் சிறுமூளையோடு இணைக்கும் சிறுமூளைக் காம்புகளும் டி1, டி2, ஃபிளேர் என்ற வழக்கமான எம்ஆர்ஐ படங்களிலேயே நிறையப் பேசுகின்றன.

பிஎஸ்பி நோயில் நடுமூளை சுருங்குவதால், நட்ட நடுவே வெட்டிப் பார்க்கும் படத்தில் அது ஹம்மிங்பேர்ட் பறவையின் தலையும் அலகும் போலத் தெரியும். சிறுமூளையிலிருந்து மேலே ஏறும் இழைக்கட்டான மேல் சிறுமூளைக் காம்பும் மெலிந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்தது 2008-இல் குவாட்ரோனே குழுவினர் முன்வைத்த பார்க்கின்சோனிசக் குறியீடு. பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுத்து, நடுச் சிறுமூளைக் காம்பின் அகலத்தை மேல் சிறுமூளைக் காம்பின் அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்க வேண்டும். பிஎஸ்பி என்றால் எண் ஏறும். இதற்குத் தேவைப்படுவது ஒரு நல்ல முப்பரிமாண டி1 படமும் பொறுமையும்தான்.

எம்எஸ்ஏ நோயில் பான்ஸின் குறுக்கே ஓடிச் சிறுமூளைக்குச் செல்லும் இழைகள் அழிந்து, டி2 படத்தில் சிலுவை கீறிய பன் ரொட்டி போன்ற வெள்ளைக் கோடு விழும். மேலிருந்து கீழே இறங்கும் இயக்கப் பாதை ஒப்பீட்டளவில் தப்பிவிடுவதால்தான் அந்த வடிவம் வருகிறது. சில மரபுவழிச் சிறுமூளைத் தளர்வு நோய்களிலும் இதே சிலுவை வரும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பெயர் சூட்டிவிடக் கூடாது. நடுச் சிறுமூளைக் காம்பு இரண்டு பக்கமும் வெள்ளையாக மின்னினால் ஃபிராஜைல் எக்ஸ் மரபணுவின் முன்மாற்றத்தால் முதுமையில் வரும் நடுக்க நோயையும் நினைக்க வேண்டும். அந்த ஒரு குறியிலிருந்து ஒரு குடும்பத்தின் மரபணு வரலாறே வெளிவரக்கூடும்.

முதியவர்களின் ஃபிளேர் படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகளைத் தனியாகப் பேச வேண்டும். 1987-இல் ஃபசேகாஸ் வகுத்த 0 முதல் 3 வரையிலான தரவரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இவை பெரும்பாலும் நுண்குழாய்களின் சேதத்தால் வருபவை. பார்க்கின்சன் உள்ளவரிடமும் இருக்கும், இல்லாதவரிடமும் இருக்கும். ஆனால் திட்டுகள் நிறைய இருந்தால் நடையும் சிந்தனை வேகமும் கூடுதலாகத் தளர்கின்றன. டிஃப்யூஷன் ஆய்வு செய்பவர்கள் இவற்றை எண்ணாமல் விட்டால், இரத்தக்குழாய் நோயை நரம்புச் சிதைவு என்று எழுதிவிடுவார்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, அளப்பவரின் கை. நடுவெட்டு சற்றுச் சாய்ந்தால்கூடப் பரப்பு மாறிவிடும். நோயின் முதல் ஓரிரு ஆண்டுகளில் இந்தக் குறிகள் தோன்றாமலே இருக்கலாம் என்பது இன்னொரு குறை. ஆனாலும் தனி நோயாளி விஷயத்தில் இதற்கு ஈடு இல்லை. எம்எஸ்ஏ நோயை உறுதிப்படுத்த 2022-இல் வந்த சர்வதேச வரையறைகள், மருத்துவ அளவில் நிறுவப்பட்ட எம்எஸ்ஏ என்று சொல்ல எம்ஆர்ஐ குறி குறைந்தது ஒன்றாவது வேண்டும் என்கின்றன.

## வழி 2: டிடிஐ

1994-இல் பாஸர், மாட்டியெல்லோ, லு பியான் ஆகியோர் முன்வைத்தது. நரம்பிழையின் போக்கிலேயே நீர் எளிதாகப் பரவும், குறுக்கே பரவத் திணறும். அந்த வேறுபாட்டை 0 முதல் 1 வரையிலான எஃப்ஏ என்ற எண்ணாகவும், மொத்தப் பரவலை எம்டி என்ற எண்ணாகவும் சுருக்கித் தருகிறது டிடிஐ. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 வினாடி என்ற அளவில் ஒரே ஒரு பி மதிப்பும் (நீரின் நகர்வைப் படம் எவ்வளவு நுட்பமாக உணரும் என்ற அளவு) முப்பது திசைகளும் இருந்தால் போதும். நேரம் ஐந்து முதல் எட்டு நிமிடம்.

எளிமையே இதன் பலம், பழைய தரவு மலைபோல் குவிந்திருப்பது இன்னொரு பலம். எம்எஸ்ஏ நோயில் நடுச் சிறுமூளைக் காம்பிலும் பிஎஸ்பி நோயில் மேல் சிறுமூளைக் காம்பிலும் எம்டி ஏறுவதை ஆய்வுக்கு ஆய்வு காண்கிறோம். பெரிய, தடித்த, ஒரே திசையில் ஓடும் இழைக்கட்டுகளில் டிடிஐ நம்பகமானது.

தொல்லை மற்ற இடங்களில். படத்தின் மிகச்சிறிய கட்டமான வாக்ஸல் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம், ஒரு நரம்பிழை ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். ஆகவே ஒவ்வொரு வாக்ஸலிலும் பல லட்சம் இழைகள் பல திசைகளில் ஓடலாம். வெண்பொருள் வாக்ஸல்களில் 63 முதல் 90 சதவீதத்தில் இழைகள் குறுக்கே வெட்டுகின்றன என்று 2013-இல் ஒரு கணக்கீடு வந்தது. இரண்டு பாதைகள் வெட்டும் இடத்தில் ஒன்று மட்டும் அழிந்தால், மிஞ்சியது ஒரே திசையில் ஓடுவதால் எஃப்ஏ கூடும். நோய் முற்றுகிறது, எண்ணோ தேறிவிட்டது போலக் காட்டும். ஹண்டிங்டன் நோயில் புட்டமென் போன்ற ஆழ்கருக்களில் (மூளையின் ஆழத்தில் உள்ள செல் திரள்களில்) எஃப்ஏ கூடியதாகவே பல ஆய்வுகள் கண்டதற்கு, சில இழைகள் மட்டும் தெரிந்தெடுத்தாற்போல் அழிவது ஒரு விளக்கம், இரும்புப் படிவு இன்னொன்று.

சாம்பல்நிறப் பகுதிக்குச் சேர்ந்ததானாலும் ஒரு பழைய கதையை இங்கே சொல்ல வேண்டும். 2009-இல், தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 14 பேரையும் நோயற்றவர்கள் 14 பேரையும், நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் எடுத்த எஃப்ஏ ஒருவர்கூடத் தவறாமல் பிரித்தது என்ற செய்தி வந்தது. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வந்த ஆய்வுகளிலும் அவற்றைத் தொகுத்த பகுப்பாய்வுகளிலும் அந்தக் கூர்மை நிற்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. சின்னக் குழு, சின்ன இடம், இரைச்சல் மிகுந்த எண் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் இப்படித்தான் ஆகும். பதினைந்து பேரைச் சேர்த்துத் திட்டம் எழுத உட்காரும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இழைக்குக் குறுக்கான பரவல் கூடினால் மையலின் சேதம், நெடுக்கான பரவல் குறைந்தால் இழைச் சேதம் என்ற வாய்ப்பாட்டையும் விட்டுவிடலாம். அது எலிகளின் ஒழுங்கான இழைக்கட்டுகளில் கண்டது. மனித மூளையின் குறுக்குச் சந்திப்புகளுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

## வழி 3: கட்டற்ற நீர் கணக்கீடு

எனக்குப் பிடித்த வழி இது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் பாஸ்டர்நாக் குழுவினர் தந்த யோசனை எளிமையானது. ஒவ்வொரு வாக்ஸலையும் இரண்டு அறையாகப் பிரி. ஒன்றில் இழைகளோடு ஒட்டி உறவாடும் நீர், மற்றதில் எந்தத் தடையுமின்றி அலையும் நீர். உடல் வெப்பத்தில் தடையற்ற நீரின் பரவல் வேகம் தெரிந்த ஒன்று என்பதால், அதன் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மூளைநீர் அறைகளை ஒட்டியிருக்கும் மெல்லிய இழைக்கட்டுகளில் இதன் அருமை தெரியும். மேல் சிறுமூளைக் காம்பு நான்காம் நீர்அறையின் கரையிலேயே கிடக்கிறது. சாதாரண டிடிஐ அங்கே அளப்பதில் பாதி மூளைநீராக இருக்கக்கூடும்.

பார்க்கின்சன் நோயில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதியில் கட்டற்ற நீர் கூடியிருப்பதும், ஆண்டு செல்லச் செல்ல ஏறுவதும் ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத் தொகுதிகளில் மறுபடி மறுபடி கிடைத்திருக்கின்றன. இந்தத் துறையில் அது அபூர்வம். பிஎஸ்பி, எம்எஸ்ஏ நோய்களில் இந்த உயர்வு அந்த ஒரு மூலையில் நிற்காமல் பல கருக்களுக்கும் இழைக்கட்டுகளுக்கும் பரவுகிறது. இந்த வேறுபாட்டை வைத்து, ஆஸ்திரியா, ஜெர்மனி, அமெரிக்கா நாடுகளின் 17 எம்ஆர்ஐ மையங்களில் படமெடுத்த 1002 பேரின் தரவில் நோய்களைத் தானியங்கியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு 2019-இல் வெளியானது. பல எந்திரங்களைக் கடந்தும் எண் தாக்குப்பிடித்ததுதான் அதில் பெரிய சேதி.

ஒரே பி மதிப்பில் எடுத்த பழைய டிடிஐ படத்திலிருந்தும் இதைக் கணக்கிடலாம். நோயாளியைத் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைப் பி மதிப்புத் தரவில் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரே விடை கிடையாது. மென்பொருள் தொடக்கத்தில் எதை ஊகிக்கிறதோ அதைச் சார்ந்துதான் விடை வரும். இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே மென்பொருளா என்று பாருங்கள். கட்டற்ற நீர் கூடியதைப் பார்த்ததும் "அழற்சி" என்று எழுதும் பழக்கமும் பரவிவருகிறது. செல் இழப்பாலும் திசுச் சுருக்கத்தாலும்கூட நீருக்கு இடம் கூடும்.

## வழி 4: நோடியும் அதன் உறவினர்களும்

2012-இல் ஹூய் ஜாங் குழுவினர் தந்த நோடி மாதிரி மூன்று அறை வைத்துக்கொள்கிறது: இழைக்கு உள்ளே, இழைக்கு வெளியே, கட்டற்ற நீர். இழை அடர்த்திக்கு ஓர் எண், இழைகள் விசிறிச் சிதறிய அளவுக்கு இன்னோர் எண். டிடிஐ ஒரே எண்ணில் குழப்பிய இரண்டையும் பிரித்துத் தருவதாக வாக்குறுதி. இதற்கு இரண்டு பி மதிப்புகளாவது வேண்டும். பல அடுக்குகளை ஒரே நேரத்தில் எடுக்கும் வசதி எந்திரத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும், இல்லாவிட்டால் நேரம் இரட்டிக்கும். பத்தாவது நிமிடத்தில் ஆடத் தொடங்கும் நோயாளியிடம் இது நடக்காது.

மாதிரியின் அடியில் கிடக்கும் அனுமானம்தான் பெரிய செலவு. இழைகளின் உள்ளே நீர் பரவும் வேகம் எல்லா இடத்திலும், எல்லா நோயிலும் ஒன்றே என்று நோடி முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. நோயே அந்த வேகத்தை மாற்றியிருந்தால், மாற்றம் "அடர்த்தி குறைந்தது" என்ற தவறான பெயரில் வெளிவரும். "நரம்பிழை அடர்த்தி" என்ற பெயரைக் கேட்டு நுண்ணோக்கியில் எண்ணியது போல நம்பிவிட வேண்டாம்.

குறுக்குச் சந்திப்புதான் உங்கள் கவலை என்றால் நோடியைவிட ஃபிக்ஸல் பகுப்பாய்வு பொருத்தம். ஒரு வாக்ஸலுக்குள் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி எண் தருவதால், மேலே சொன்ன "நோய் முற்ற எண் தேறும்" வேடிக்கை அதில் நேராது. கற்றுக்கொள்ள மாதங்கள் பிடிக்கும், கணினிக்கும் நல்ல தீனி வேண்டும்.

வண்ண வண்ணமாய் இழைகளை வரையும் டிராக்டோகிராஃபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் உலகின் 20 ஆய்வுக் குழுக்களுக்கு, விடை முன்பே தெரிந்த செயற்கை மூளைத் தரவைக் கொடுத்துப் பாதைகளை வரையச் சொன்னார்கள். உண்மையான இழைக்கட்டுகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள். கூடவே, இல்லாத இழைக்கட்டுகளை அவற்றைவிட அதிகமாகவும் வரைந்துவைத்தார்கள். நடுக்கத்துக்கான அறுவையில் சிறுமூளையிலிருந்து தலாமஸுக்குப் போகும் பாதையை இலக்கு வைக்க டிராக்டோகிராஃபி உதவுகிறது. உடற்கூறு முன்பே தெரிந்த பாதையை அந்த நபரிடம் தேடுவது அது. தெரியாத பாதையைக் கண்டுபிடிக்க அதை அனுப்பக் கூடாது.

## வழி 5: மையலின் வரைபடங்கள்

மையலின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் டி2 (எம்ஆர்ஐ சமிக்ஞை மங்க எடுக்கும் நேரம்) மிகக் குறுகியது, சுமார் 10 முதல் 40 மில்லிவினாடி. அதைத் தனியே பிரித்தெடுப்பது மையலின் நீர்ப் பங்கு முறை. காந்தமாக்கல் பரிமாற்றம் இன்னொன்று. டி1 படத்தை டி2 படத்தால் வகுப்பது ஏழையின் மாற்று. எம்எஸ்ஏ போல மையலின் செல்லே நோயின் களமாக இருந்தால் இவை நியாயமான தேர்வு. ஆனால் இயக்க நோய்களில் இரும்புப் படிவு எங்கும் தலைகாட்டும், இரும்பு டி2 அளவைக் குறைத்துவிடும். வகுத்து எடுக்கும் மாற்று முறை இதில் எளிதில் ஏமாறும். முதல் முயற்சிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| முறை | தனி நோயாளிக்கு | குழு ஆய்வுக்கு | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|
| அளந்து பார்க்கும் எம்ஆர்ஐ | மிகவும் ஏற்றது | அடிப்படை, விடவே கூடாது | தொடக்கநிலையில் தெரியாமல் போகலாம் |
| டிடிஐ | சிறுமூளைக் காம்புகளில் மட்டும் உதவி | பழைய தரவு இருந்தால் நல்லது | குறுக்குச் சந்திப்பு, தலை அசைவு |
| கட்டற்ற நீர் | வளர்ந்துவருகிறது | முதல் தேர்வு | மென்பொருளின் ஊகம் |
| நோடி, ஃபிக்ஸல் | இப்போதைக்கு இல்லை | கேள்வி நுட்பமானதென்றால் | அனுமானங்கள், ஸ்கேன் நேரம் |
| மையலின் வரைபடம் | இல்லை | எம்எஸ்ஏ போன்றவற்றில் | இரும்பு |

## யாருக்கு எது?

நோயாளியின் குடும்பத்தாருக்கு: பெரிய ஸ்கேன் தேடி அலையும் முன், எடுத்த படத்தை இயக்கக் கோளாறுகளில் தேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோய், "நடுமூளையையும் சிறுமூளைக் காம்புகளையும் அளந்து சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பார்க்கின்சன் நோயில் சாதாரண எம்ஆர்ஐ இயல்பாக இருப்பது வியப்பல்ல. மற்ற நோய்களின் குறி எதுவும் இல்லை என்பதும் ஒரு தகவல்தான். ஓராண்டு கழித்து அதே எந்திரத்தில் அதே முறையில் திரும்ப எடுப்பது, இன்றைக்கே புது முறையில் எடுப்பதைவிடப் பல சமயம் அதிகம் சொல்லும்.

சின்னக் குழுவோடு ஆய்வு தொடங்கும் மாணவருக்கு: எந்திரம் அனுமதித்தால் இரண்டு பி மதிப்பில் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து டிடிஐ, கட்டற்ற நீர், நோடி மூன்றையும் பின்னால் கணக்கிடலாம். எதை முதன்மை எண்ணாகக் கொள்வது என்று படம் எடுக்கும் முன்பே எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டு எது வேறுபடுகிறதோ அதைப் பற்றி எழுதுவது ஆராய்ச்சி அல்ல, குலுக்கல் சீட்டு. கட்டக் குறியீட்டுத் திசையை (phase encoding) எதிராக மாற்றி ஒரு சிறு டிஃப்யூஷன் படமும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மூளைத்தண்டை ஒட்டிய வடிவச் சிதைவைத் திருத்த அது இல்லாவிட்டால், சிறுமூளைக் காம்புகளைப் பற்றி நீங்கள் எழுதும் எதுவும் ஐயத்துக்குரியது.

பல மையங்களின் தரவைச் சேர்ப்பவருக்கு: எந்திரங்களுக்கிடையேயான வேறுபாட்டைச் சமன்செய்யும் காம்பாட் போன்ற புள்ளியியல் முறைகள் உதவும். ஆனால் ஒரு மையம் நோயாளிகளை மட்டும், இன்னொரு மையம் நலமானவர்களை மட்டும் சேர்த்திருந்தால் எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. எந்திர வேறுபாட்டையும் நோய் வேறுபாட்டையும் அங்கே பிரிக்க வழியில்லை.

கடைசியாக, மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தும் அறுவைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க நினைக்கும் ஆய்வாளருக்கு: மேலே சொன்ன எல்லாவற்றையும் அறுவைக்கு முன்பே எடுத்து முடியுங்கள். மின்முனை உள்ளே போன பிறகு எம்ஆர்ஐ எடுக்கவே கருவிக்கேற்ற கட்டுப்பாடுகள் வந்துவிடும். எடுத்தாலும், உலோகத்தைச் சுற்றியுள்ள டிஃப்யூஷன் படம் கறுத்து, வளைந்து, நீங்கள் பார்க்க விரும்பிய இடத்தையே விழுங்கியிருக்கும்.